பெயர் சொல்லாத பிரசங்கம்

திருச்சபையின் தீராத வழக்குகள்: பகுதி 9

போன இதழைக் கோத்தியர் தலைவன் அலாரிக்கின் படை ரோமாபுரிக்குள் புகுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். 410 ஆகஸ்டு, மூன்று நாள் சூறை. கையில் காசும் கப்பலில் இடமும் வாய்த்தவர்கள் கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவுக்கு ஓடினார்கள். ரோமப் பெருங்குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே பண்ணைகள் இருந்தன. கார்த்தேஜ் துறைமுகம் அவர்களுக்குப் புதிது இல்லை. இறக்கிய மூட்டை முடிச்சுகளோடு, ரோமாபுரியில் நடந்துகொண்டிருந்த ஒரு வாதமும் கரையேறியது. ஞானஸ்நானம் பெறாமல் கண்மூடும் பச்சைக் குழந்தையின் கதி என்ன?

இன்றைக்கு இது இறையியல் கல்லூரித் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி. அன்றைக்கு அப்படியில்லை. பிள்ளையைப் புதைக்காத வீடு அரிதாக இருந்த காலம் அது. கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே மடியில் உயிர் அடங்கிப்போன குழந்தைகளின் தாய்மார், பிரசங்கம் கேட்கும் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் ‘அவசர ஞானஸ்நானம்’ என்று சொல்வார்கள். பிழைக்குமோ பிழைக்காதோ என்றிருக்கும் குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திராமல் மருத்துவச்சியோ பாட்டியோ தலையில் தண்ணீர் ஊற்றிவிடலாம். அந்தப் பதைபதைப்பின் வேரைத் தேடிப்போனால் இந்த வட ஆப்பிரிக்க வழக்கில்தான் போய் நிற்க வேண்டும்.

வழக்கின் ஒரு பக்கத்தில் பெலாஜியுஸ். பிரிட்டனில் பிறந்து ரோமாபுரியில் பல ஆண்டு வாழ்ந்த துறவி. குருப்பட்டம் பெறாதவர். பெரிய இடத்துப் பெண்மணிகளும் இளைஞர்களும் அவரிடம் புத்திமதி கேட்டு நடந்தார்கள். மனிதன் மனம் வைத்தால் நல்லவனாக வாழலாம், அதற்கான திறனைக் கடவுள் கொடுத்தே அனுப்பியிருக்கிறார், சுபாவத்தின்மேல் பழிபோட்டுச் சாக்குச் சொல்லாதே என்பது அவருடைய உபதேசத்தின் சாரம். சீடர் செலஸ்தியுஸ் சட்டம் படித்தவர். ஆசான் தயங்கித் தயங்கிச் சொன்னதைச் சீடர் நறுக்கென்று போட்டு உடைத்துவிடுவார்.

இருவரும் அகதிகளோடு ஆப்பிரிக்கா வந்தார்கள். பெலாஜியுஸ் ஹிப்போ நகர் வழியாகப் போனபோது அந்த ஊர் ஆயர் அகஸ்டின் ஊரில் இல்லை. பிறகு கார்த்தேஜில் ஓரிரு தடவை அவர் முகத்தைப் பார்த்ததாக அகஸ்டின் எழுதுகிறார். பிரிந்துபோன சபையாரான தொனாத்திஸ்துகளோடு 411 ஜூனில் நடந்த பெரிய மாநாட்டு வேலை அகஸ்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம். உட்கார்ந்து பேச நேரமில்லை. பெலாஜியுஸ் பாலஸ்தீனத்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். இருபது ஆண்டு நீடிக்கப்போகும் ஒரு சண்டையின் இரு தலைவர்களுக்கும் இடையே இருந்த நேரடிப் பழக்கம் அவ்வளவுதான்.

செலஸ்தியுஸ் கார்த்தேஜிலேயே தங்கிக் குருப்பட்டம் கேட்டார். அங்கேதான் வினை. மிலானிலிருந்து வந்திருந்த பவுலினுஸ் என்ற திருத்தொண்டர் அவர்மேல் குற்றப் பட்டியல் கொடுத்தார். ஆதாமின் பாவம் ஆதாமை மட்டும் கெடுத்தது, பிறக்கும் குழந்தை ஆதாம் பாவம் செய்வதற்கு முன் இருந்த நிலையிலேயே பிறக்கிறது என்றெல்லாம் இவர் சொல்கிறார் என்பது புகார். ஆயர் அவுரேலியுஸ் தலைமையில் விசாரணை. செலஸ்தியுஸ் சொன்ன பதில் இன்று படித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் வேண்டாமென்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பாவம் வழிவழியாக இறங்கி வருகிறதா என்பது சபைக்குள்ளேயே இரண்டு கருத்து உள்ள விஷயம். அது விசாரிக்க வேண்டிய கேள்வியே தவிரப் பதிதம் ஆகாது. யார் அப்படி இரண்டாம் கருத்துச் சொன்னது, பெயரைச் சொல் என்று நெருக்கினார்கள். ரோமாபுரியில் பம்மாக்கியுஸ் வீட்டில் தங்கியிருந்த ருஃபினுஸ் என்ற குருவைச் சொன்னார். வேறு யார் என்று கேட்டார்கள். ஒரு குரு சொன்னது போதாதா என்று திருப்பிக் கேட்டார். போதவில்லை. சபைநீக்கம் செய்துவிட்டார்கள். அவர் எபேசுக்குப் போய் அங்கே குருவானார்.

இந்த விசாரணையில் அகஸ்டின் இல்லை. ஆனால் கேள்வி அவரைத் தேடி வந்தது. தொனாத்திஸ்து மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அரசு அதிகாரி மார்செல்லினுஸ் அவருக்கு நெருங்கிய நண்பர். பக்தியுள்ள மனிதர். கார்த்தேஜில் நாலா பக்கமும் கேட்ட கேள்விகளைத் திரட்டி, பதில் எழுதுங்கள் என்று அனுப்பினார். அதற்குப் பிறந்ததுதான் பாவங்களின் பலன், பாவமன்னிப்பு, குழந்தை ஞானஸ்நானம் ஆகியவை பற்றி அகஸ்டின் எழுதிய மூன்று பகுதி நூல்.

அகஸ்டினின் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்காகக் கொடுக்கப்படுகிறது. சபை அதைக் குழந்தைக்கும் கொடுக்கிறது. குழந்தை சொந்தமாக ஒரு பாவமும் செய்யவில்லை. அப்படியானால் அது சுமந்து வருவது ஆதாமின் பாவம். அதுவும் இல்லையென்றால் குழந்தைக்கு இரட்சகர் எதற்கு? கிறிஸ்து எல்லோருக்கும் இரட்சகர் என்பதில் குழந்தைகள் சேர்த்தியில்லையா? இதுவரை கேட்கும்போது தலையாட்டத் தோன்றும். அடுத்த படிதான் கால் கூசும் படி. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தை தண்டனைக்குரியவர்கள் பக்கம் நிற்கிறது என்றார். தண்டனைகளிலெல்லாம் மிக மென்மையான தண்டனை அது என்று சேர்த்துக்கொண்டார். ஆனாலும் தண்டனைதான்.

எதிர்த்தரப்பு இடையில் ஒரு திண்ணை கட்டியிருந்தது. தண்ணீராலும் ஆவியாலும் மறுபடி பிறக்காதவருக்குத் தேவனுடைய ராஜ்யத்தில் இடமில்லை என்று நிக்கோதேமுவிடம் இயேசு சொன்னதை அவர்களால் தாண்ட முடியாது. ஆகவே அந்தக் குழந்தைகளுக்குப் பரலோக ராஜ்யம் இல்லை, ஆனால் நித்திய வாழ்வு உண்டு என்று பிரித்தார்கள். பெலாஜியுஸ் இன்னும் எச்சரிக்கையானவர். அந்தக் குழந்தைகள் எங்கே போவதில்லை என்பது எனக்குத் தெரியும், எங்கே போகின்றன என்பது தெரியாது என்ற கருத்தில் அவர் பேசுவது வழக்கமாம். அகஸ்டினே பதிவு செய்திருக்கிறார். இந்தச் சண்டை முழுவதிலும் எனக்குப் பிடித்த பதில் இதுதான். அகஸ்டினுக்கு அது நழுவலாகப் பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. குழந்தை ஞானஸ்நானத்துக்காக இவ்வளவு வாதாடிய அகஸ்டின் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெறவில்லை. சின்ன வயதில் வயிற்றுவலி வந்து சாகக் கிடந்தார். தானே ஞானஸ்நானம் கேட்டார். தாய் மோனிக்கா அவசர அவசரமாக ஏற்பாடு செய்தார். வலி தணிந்தது, ஞானஸ்நானமும் தள்ளிப்போயிற்று. பெற்ற பிறகு செய்யும் பாவம் பெரிய பாவம், எனவே இளமையின் ஆட்டமெல்லாம் அடங்கியபின் பெறலாம் என்பது அந்தத் தலைமுறையின் கணக்கு. 387ல் மிலானில் ஆயர் அம்புரோசின் கையால் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பதினைந்து வயது மகன் அதெயோதாத்துசும் அதே நாளில் பெற்றான். சில ஆண்டுகளில் மகன் இறந்துபோனான். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்தான் அந்தக் கடுமையான தீர்ப்பை எழுதியது என்பதை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது.

கடுமையான தீர்ப்பு எழுதியவர் எதிராளியை எப்படி நடத்தினார்? இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மார்செல்லினுசுக்கு இரண்டு பகுதிகளை எழுதி முடித்த பிறகு, பவுலின் நிருபங்களுக்குப் பெலாஜியுஸ் எழுதிய விளக்கவுரை அகஸ்டின் கைக்கு வந்தது. ஜென்மப் பாவத்துக்கு எதிரான வாதங்கள் அதில் இருந்தன. அவற்றுக்குப் பதில் எழுதும் மூன்றாம் பகுதியைத் தொடங்கும்போதே, இவரைப் பரிசுத்தமானவர், கிறிஸ்தவ வாழ்வில் நன்கு முன்னேறியவர் என்று கேள்விப்படுகிறேன் என்று மரியாதையோடு குறிப்பிடுகிறார். அந்த வாதங்களைப் பெலாஜியுஸ் தம் சொந்தக் கருத்தாக வைக்கவில்லை, மற்றவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்றுதான் வைத்திருக்கிறார் என்பதையும் எடுத்துச் சொல்கிறார். எதிராளி நழுவுவதற்கு ஒரு கதவை இவரே திறந்து வைக்கிறார். முன்னிரண்டு பகுதிகளில் பெலாஜியுசின் பெயரே கிடையாது. பெயரைச் சொல்லிவிட்டால் மனிதர் பிடிவாதம் பிடித்துவிடுவார், சொல்லாமல் விட்டால் திருந்த வழியிருக்கும் என்பது கணக்கு.

413 ஜூன் 27 அன்று கார்த்தேஜின் பசிலிக்கா மயோரும் கோயிலில் அவர் செய்த பிரசங்கமும் அதே முறைதான். கார்த்தேஜின் பெரிய இரத்தசாட்சியான பெர்பெத்துவாவின் கல்லறை இருந்த கோயில் அது. சில நாள் முன்பு யோவான் ஸ்நானகன் திருநாளில் குழந்தைகளின் ஞானஸ்நானம் பற்றிப் பேச்சு வந்திருந்தது. கோயிலுக்குள்ளேயே பெலாஜியுஸ் பக்கம் சாய்ந்தவர்கள் நின்றிருந்தார்கள். சாய்ந்தவர்களின் நண்பர்கள் அதைவிட அதிகம். ஜூன் மாத வெயிலில் நின்றபடி அந்தக் கூட்டம் நீண்ட பிரசங்கத்தைக் கேட்டது. ராஜ்யம் வேறு, நித்திய வாழ்வு வேறு என்ற பிரிவை அகஸ்டின் அடியோடு தகர்க்கப் பார்த்தார். நியாயத்தீர்ப்பு நாளில் வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டுதானே, நடுவில் மூன்றாவது இடத்தை வேதத்தில் எங்கே கண்டீர்கள் என்று கேட்டார். பேச்சில் தயை தாட்சண்யம் இல்லை. பெயர் மட்டும் வரவில்லை.

கடைசியில் ஒரு பழைய கடிதத்தைக் கையில் எடுத்தார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வாசிக்க மட்டும் போகிறேன் என்றார். கார்த்தேஜ் ஆயராக இருந்து 258ல் தலை வெட்டப்பட்டு இறந்த சிப்ரியானின் கடிதம் அது. எழுதி ஏறக்குறைய 160 ஆண்டு ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பிதுஸ் என்ற நாட்டுப்புற ஆயர் ஒருவர் சிப்ரியானுக்கு எழுதியிருந்தார். யூதர் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வதுபோல ஞானஸ்நானத்துக்கும் எட்டு நாள் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்கு அவர் சொன்ன துணைக் காரணம் விசித்திரமானது. ஞானஸ்நானம் பெற்றவருக்குச் சமாதான முத்தம் கொடுப்பது வழக்கம். பிறந்து ஓரிரு நாளே ஆன குழந்தையின் பாதம் சுத்தமாக இருக்காதே, முத்தமிட அருவருப்பாக இருக்கிறதே என்றார். தீட்டு பார்க்கும் நம் வீடுகளுக்கு இந்தக் கவலை அந்நியமாகப் படாது. 66 ஆயர்கள் கூடிய சங்கத்தின் சார்பில் சிப்ரியான் பதில் எழுதினார். ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். குழந்தையை முத்தமிடும்போது, அதை இப்போதுதான் உருவாக்கி முடித்த கடவுளின் கைகளை முத்தமிடுவதாக எண்ணிக்கொள்ள வேண்டும். கொடும்பாவிகளுக்கே மன்னிப்பு மறுக்கப்படாதபோது, சொந்தப் பாவம் ஏதும் இல்லாமல் பிறந்த குழந்தைக்கு மறுப்பது எப்படி? அதற்கு மன்னிக்கப்படுவது வேறொருவரின் பாவம்.

அகஸ்டினுக்குத் தேவைப்பட்டது அந்தக் கடைசி வரி. பாருங்கள், இது நான் புதிதாகக் கிளப்பியது இல்லை, உங்கள் ஊர் இரத்தசாட்சியே சொன்னது என்று காட்டுவதற்கு. ஆனால் சிப்ரியான் அந்த வாதத்தைக் கட்டியது கதவைத் திறப்பதற்கு. அகஸ்டின் கையில் அதே வாதம் கதவைச் சாத்தவும் பயன்பட்டது. சிப்ரியானின் கடிதத்தை மட்டும் தனியே படிக்கிறவருக்கு, ஞானஸ்நானம் கிடைக்காமல் போன குழந்தையின் தண்டனை நினைவுக்கே வராது.

கடிதத்தை வாசித்து முடித்ததும் அகஸ்டின் மறுதரப்புக்காகக் கூட்டத்திடம் பேசினார். நம் சகோதரர்களிடம் ஒன்று கேட்டு வாங்குவோம், அவர்கள் நம்மைப் பதிதர் என்று அழைக்காமல் இருக்கட்டும் என்றார். அவர்கள் பேசுவதைப் பார்த்தால் நாம்தான் அவர்களை அப்படி அழைக்கலாம், ஆனாலும் அழைக்கவில்லை என்றும் சொன்னார். தாயாகிய சபை அவர்களை இரக்கத்தோடு பொறுத்துக் குணமாக்கட்டும், செத்தவர்களாக எண்ணிப் புலம்பும்படி வைக்க வேண்டாம் என்ற பொருளில் முடித்தார். வரம்பு மீறுகிறார்கள், பொறுக்க முடியாத அளவுக்குப் போகிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை. இன்னும் பொறுக்கிறோம் என்பதுதான் அன்றைய நிலை.

அதே ஆண்டு செப்டம்பர் 13 அன்று கார்த்தேஜில் மார்செல்லினுசின் தலை வெட்டப்பட்டது. ஹெராக்லியான் என்ற ஆளுநர் செய்த கலகத்தில் பங்கென்று பழி. அகஸ்டின் அவரைக் காப்பாற்ற முயன்று தோற்றார். குழந்தைகளின் கதி பற்றி நண்பர் கேட்ட கேள்விதான் அகஸ்டின் பெயரில் பதினெட்டு ஆண்டு நீண்டது.

இந்தச் சமயத்தை ஒட்டிப் பெலாஜியுசிடமிருந்து மரியாதைக் கடிதம் ஒன்று வந்தது. அகஸ்டின் நாலே வரியில் பதில் போட்டார். அன்புள்ள சகோதரர் என்ற தோரணையில், நலச் செய்திக்கு நன்றி சொல்லி, எனக்காக ஜெபியுங்கள் என்று முடியும் கடிதம். 415 டிசம்பரில் பாலஸ்தீனத்தின் லித்தா நகரில், அப்போது தியோஸ்போலிஸ் என்று பெயர், 14 ஆயர்கள் முன்பு பெலாஜியுஸ் விசாரிக்கப்பட்டபோது அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதுபோல எடுத்துக் காட்டினார். அகஸ்டினே என்னைச் சகோதரர் என்கிறார், பாருங்கள்! விடுதலையும் ஆனார். பிறகு அகஸ்டின் அந்த விசாரணை பற்றி எழுதிய நூலில் தம் நாலு வரிக் கடிதத்துக்குச் சொல் சொல்லாக உரை எழுத வேண்டி வந்தது. இந்த வார்த்தையை இந்தப் பொருளில்தான் போட்டேன், எனக்காக ஜெபியுங்கள் என்றது கடவுளின் கிருபையை நினைவுபடுத்தத்தான் என்றெல்லாம். தாட்சண்யத்துக்கு எழுதிய கடிதம் சாட்சியம் ஆகிவிட்ட சங்கடம், நம் ஊரில் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவர்களுக்குப் புரியும்.

பெத்லகேமில் இருந்த வேத அறிஞர் ஜெரோமுக்கு இந்த மென்மை கைவந்ததே இல்லை. பெலாஜியுசைத்தான் சொல்கிறார் என்று பெரும்பாலோர் கொள்ளும் ஓர் இடத்தில், கஞ்சி குடித்துக் கனத்துப்போனவன் என்று உடம்பைக் கேலி செய்கிறார். அந்த ஜெரோமுக்கு 415ல் அகஸ்டின் ஒரு நீண்ட கடிதம் எழுதி, ஒரோசியுஸ் என்ற இளம் ஸ்பானியக் குருவின் கையில் கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு குழந்தைக்கும் கடவுள் ஆன்மாவைப் புதிதாகப் படைக்கிறார் என்பது ஜெரோமின் கருத்து. அப்படியானால் புதிதாக வந்த ஆன்மா ஆதாமின் பாவத்துக்கு எப்படிப் பொறுப்பாகும் என்று அகஸ்டின் கேட்டார். குழந்தைகளின் தண்டனை பற்றி யோசிக்க வரும்போது தாம் பெரும் நெருக்கடியில் மாட்டிக்கொள்வதாகவும் சொல்ல ஒரு பதிலும் கிடைக்கவில்லை என்றும் மனம்விட்டு எழுதினார். மேடையில் அடித்துப் பேசியவர், கடிதத்தில் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறார். ஜெரோம் பதில் சொல்லவில்லை. காலம் சரியில்லை, நமக்குள் கருத்து வேறுபாடு என்று பதிதர் பேச இடம் கொடுக்க வேண்டாம் என்று தட்டிக்கழித்துவிட்டார். ஜெரோம் உயிரோடு இருந்தவரை அந்தக் கடிதத்தை அகஸ்டின் வெளியிடவில்லை. ஒருவேளை பதில் எழுதுவார், இரண்டையும் சேர்த்தே வெளியிடலாம் என்று காத்திருந்தார்.

இவ்வளவு பொறுமையும் 418ல் தீர்ந்தது.

நடுவில் நடந்த ஆயர் சங்கங்களையும் போப்பாண்டவர்கள் மாறியதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. 418 ஏப்ரல் 30 அன்று மன்னர் ஹொனோரியுஸ் ராவென்னாவிலிருந்து ஆணை பிறப்பித்தார். பெலாஜியுசையும் செலஸ்தியுசையும் ரோமாபுரியிலிருந்து துரத்த வேண்டும், அவர்கள் கருத்தைப் பேசுவோருக்கு நாடு கடத்தல். மறுநாள் மே 1 அன்று கார்த்தேஜில் 200க்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி, பிறந்த குழந்தைக்கு ஆதாமிடமிருந்து வந்த பாவம் ஏதுமில்லை என்பவர்களைச் சபித்தார்கள். குழந்தைகளுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு என்பவர்களைச் சபிக்கும் விதி ஒன்றும் சில கைப்பிரதிகளில் மட்டும் காணப்படுகிறது. கோடையில் போப்பாண்டவர் சோசிமுசும் வழிக்கு வந்தார். அவர் அனுப்பிய கண்டனக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்த இத்தாலிய ஆயர்கள் 18 பேர் பதவி இழந்தார்கள். அவர்களில் ஒருவர் எக்லானம் ஊர் ஆயர் ஜூலியன்.

ஜூலியன் அகஸ்டினுக்கு வேண்டாதவர் இல்லை. தகப்பனார் மெமோரியுசும் ஆயர், அகஸ்டினின் நண்பர். பத்தாண்டு முன்பு மெமோரியுசுக்கு எழுதிய கடிதத்தில் உங்கள் பிள்ளையை இங்கே அனுப்பி வையுங்கள் என்று பாசத்தோடு கேட்டிருந்தார். அந்தப் பிள்ளையின் திருமணத்துக்கு நோலா நகர்ப் பவுலினுஸ் வாழ்த்துப்பா எழுதினார். அப்பேர்ப்பட்ட குடும்பத்து உறவு. ஜூலியனின் கருத்து அகஸ்டினுடையதைவிட ஆயிரம் மடங்கு இரக்கமானது. பிறந்த சிசுவைத் துரத்தித் தண்டிக்கிறவர் கடவுளா, அநியாயக்காரனா என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றும் பலர் அவர் பக்கம்தான் நிற்பார்கள். நானும்.

ஆனால் வாய்? கார்த்தேஜ்க்காரன் என்று இளப்பம் பேசினார். அகஸ்டின் இளமையில் மானிக்கேய மதத்தில் இருந்ததை இழுத்து, பழைய மானிக்கேயன் இன்னும் மாறவில்லை என்றார். ஆப்பிரிக்கப் புல்வெளியில் கொழுத்த 80 குதிரைகளை அகஸ்டினின் நண்பர் அலிப்பியுஸ் அரசவைக்குக் கொண்டுபோய் லஞ்சம் கொடுத்துத்தான் அந்த ஆணையை வாங்கினார் என்று குற்றம் சாட்டினார். கடைசியில் இறந்து நாற்பது ஆண்டு ஆன மோனிக்காவையும் விடவில்லை. சிறுபெண்ணாக இருந்தபோது திருட்டுத்தனமாக மது ருசித்ததை மகனே தன் நூலில் எழுதியிருந்தார். அதை எடுத்து வைத்துக் குடிகாரி என்று குத்தினார். உனக்கு ஒரு கெடுதலும் செய்யாத என் தாயை ஏன் இழுக்கிறாய் என்று அகஸ்டின் கேட்டார். உன் பெற்றோரை நான் மதிக்கிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீ இப்படி ஆனதைப் பார்க்காமல் போய்ச்சேர்ந்தது அவர்கள் பாக்கியம் என்று சேர்த்துவிட்டார்.

அதைவிட வருத்தம் வேறொன்று. தகுதியுள்ள நடுவர்கள் முன்பு முறையான விசாரணை வேண்டும் என்று ஜூலியன் கேட்டார். ஆயர்கள் முடிவு செய்தாயிற்று, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்பது அகஸ்டினின் பதில். 413ல் ‘நாம் அவர்களைப் பதிதர் என்று அழைக்கவில்லை’ என்று சொன்ன அதே வாய். அரசாணை கைக்கு வந்த பிறகு பொறுமைக்கு வேலை இல்லாமல் போயிற்று என்பதுதான் என் கணிப்பு. அகஸ்டினின் அபிமானிகள் கோபித்துக்கொள்ளலாம்.

அப்படியும் அந்த ஆண்டுகளிலேயே ஒருவரிடம் அவர் பழைய அகஸ்டினாக நடந்துகொண்டார். மௌரித்தானியாவில் வின்சென்ட் விக்டர் என்று ஓர் இளைஞர். குருவும் இல்லை, துறவியும் இல்லை. பேச்சாற்றல் பொங்கி வழியும். பேத்ருஸ் என்ற வயதான குருவின் வீட்டில் அகஸ்டினின் நூலைப் பார்த்தார். ஆன்மா எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை என அதில் அகஸ்டின் எழுதியிருந்தார். ஆயருக்கே தெரியாதா என்று கொதித்து, தன் மூலத்தையே அறியாதவன் மிருகத்துக்குச் சமம் என்று சங்கீதத்தைக் காட்டி ஏளனம் செய்து, இரண்டு பகுதி எழுதிவிட்டார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் பரதீசுக்குப் போகலாம், அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வாசிக்கக் கேட்ட கிழவர் பேத்ருஸ் மகிழ்ச்சியில் துள்ளி எழுந்து இளைஞரின் உச்சந்தலையில் முத்தமிட்டாராம்.

விக்டர் காட்டிய சாட்சி பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்புகள். முகத்தில் புற்று வைத்து ஏழு வயதில் இறந்த தம்பி தினோகிராத்தேசை அவர் சிறையில் கனவில் காண்கிறார். தாகத்தோடு நிற்கிறான், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு அவன் உயரத்துக்கு எட்டவில்லை. அக்காள் நாள்தோறும் அழுது ஜெபிக்கிறாள். அடுத்த கனவில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. குடித்துவிட்டு விளையாடப் போகிறான். அந்தச் சிறுவன் ஞானஸ்நானம் பெறாதவன்தானே, அவனுக்கு விடுதலை கிடைத்ததே என்பது விக்டரின் வாதம். அந்த நூல் வேதாகமத்தில் சேர்ந்ததில்லை, அவன் ஞானஸ்நானம் பெறவில்லை என்று அதில் எழுதியிருக்கவும் இல்லை என்று அகஸ்டின் மறுத்தார். சட்டப்படி சரியான மறுப்பு. கனவில் கண்ட தொட்டி விளிம்பை ஒரு தாய் மறப்பாளா என்பது வேறு விஷயம்.

நான்கு பகுதிகளில் பதில் எழுதினார். அதில் இரண்டு நேரே விக்டருக்கு. பதினொரு பிழைகளைப் பட்டியலிட்டார். ஆனால் உன் திறமை பெரிது, வயது சின்னது, நீயே உன் கையால் திருத்திக்கொள் என்ற பாணியில் எழுதினார். மிருகம் என்று ஏசியதற்குப் பதில் ஏச்சு இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை என்றதோடு சரி.

430ல் வண்டாலர்கள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோதும் ஜூலியனுக்கான பதிலை எழுதிக்கொண்டிருந்தார். ஜூலியனின் எட்டுப் பகுதிகளில் ஆறாவதற்கு மறுப்பு எழுதியதோடு ஆகஸ்டு 28 அன்று இறந்தார். ஜூலியனுக்குத் தம் ஆயர் பதவி திரும்பக் கிடைக்கவே இல்லை. தம் நூல்கள் அனைத்தையும் திரும்பப் பார்த்து அகஸ்டின் 427ஐ ஒட்டி எழுதிய மறுபார்வையில் விக்டரைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அந்த இளைஞரை வெறுக்கப்பட வேண்டியவராக எண்ணவில்லை, கற்பிக்கப்பட வேண்டியவராகவே எண்ணினேன், இயன்ற அளவு மென்மையாக நடத்தினேன், அவர் தம்மைத் திருத்திக்கொண்டு எழுதிய பதிலும் எனக்கு வந்துசேர்ந்தது என்கிறார்.

அகஸ்டின் அடைத்த அந்த நடு இடத்தை இடைக்காலப் பாரிஸ் பேராசிரியர்கள் வேறு பெயரில் திறந்தார்கள். லிம்போவின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)